சங்கத்துக் கணக்கு எவர் பெட்டியில்?

சங்கத்தின் கணக்குகளையும் கடிதங்களையும் கம்ப்யூட்டரில் எழுதி வைக்கும் வழக்கம் இன்று சிற்றூர்களிலுள்ள நெசவாளர் சங்கங்கள் வரையில் பரவிவிட்டது. அதனுடன் கூடவே மற்றொரு வழக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதிய கோப்புகளை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் மாத்திரம் வைத்துக்கொள்ளாமல், 'கிளவுட்' என்று சொல்லப்படும் மேகச் சேமிப்பகத்தில் போட்டு வைப்பதே அது. கூகுள் டிரைவா, ஒன்டிரைவா, டிராப்பாக்ஸா, நம் ஊர் ஸோஹோவா, இவற்றில் எது சிறந்தது என்று அங்கத்தினர்களும் காரியதரிசிகளும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விடை சொல்லப் புகுமுன், நாம் அறிந்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவது நலம்.

ஊரும் பெயரும் வேண்டாம். இருநூறு தறிகளுக்கு மேல் இயங்கும் சங்கம் அது. அதன் காரியதரிசி கெட்டிக்காரர். நாணயத்தில் குறை சொல்ல முடியாதவர். நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டுவாடா, சிக்கன நிதிப் பிடித்தம் ஆகிய அனைத்தையும் எக்ஸெல் தாள்களில் ஒழுங்காக எழுதி, தம்முடைய சொந்த மின்னஞ்சல் கணக்கோடு வரும் இலவசச் சேமிப்பகத்தில் வைத்திருந்தார். மைச் செலவு அதிகம் என்று, அச்சிட்டு வைக்கும் வழக்கத்தை நிர்வாக சபையார் நிறுத்தியிருந்தார்கள். காரியதரிசி ஓய்வு பெற்றார். ஆறு மாதத்தில் காலமாகியும் விட்டார். கடவுச்சொல் எவருக்கும் தெரியவில்லை. புதியதொன்று பெறலாமென்றால், அதற்கான இரகசிய எண் அவருடைய பழைய கைப்பேசிக்குப் போகிறது. அந்த இணைப்போ அதற்குள் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷத்துச் சிக்கன நிதிக் கணக்கை நெசவாளர்களின் பாஸ் புத்தகங்களைக் கொண்டு மறுபடி எழுத நேர்ந்தது. கூரை ஒழுகி நனைந்து எழுத்தெல்லாம் அழிந்துபோன புத்தகம் ஒன்றும் வந்தது. அந்த முதியவருக்குச் சேர வேண்டிய தொகை இன்னதென்று, பக்கத்துத் தறிக்காரர்கள் இருவருடைய வாய்ச் சாட்சியத்தின்மேல் முடிவு செய்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தத் தொகை சரிதானா என்று இன்றுவரை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

இதில் சேமிப்பகம் நடத்திய கம்பெனியின் குற்றம் எதுவுமில்லை. அது தன் விதிப்படியே நடந்துகொண்டது. எனவே எது சிறந்தது என்ற கேள்வியைக் கம்பெனிகளின் விளம்பரங்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் போதாது என்பது நமது துணிபு.

மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. அது பிறருடைய கட்டடத்தில், பிறருடைய மின்சாரத்தில் ஓடும் பிறருடைய கம்ப்யூட்டர். நெல் மூட்டையைக் கிடங்கில் வைத்து ரசீது வாங்குவதைப் போன்றது இது. ரசீது யார் பெயரில் இருக்கிறது, கிடங்கு தீப்பற்றினால் என்ன ஆகும், மூட்டையைத் திரும்ப எடுக்கும்போது அதே நெல் கிடைக்குமா என்றெல்லாம் விவசாயி கேட்பது போலவே நாமும் கேட்க வேண்டும்.

முதலில் இடத்தின் அளவு. கூகுள் இலவசமாக 15 ஜிகாபைட்டு தருகிறது. ஆனால் அதில் மின்னஞ்சலும், புகைப்படங்களும், கோப்புகளும் ஒன்றாகவே அடங்க வேண்டும். மைக்ரோசாப்டின் ஒன்டிரைவும் ஆப்பிளின் ஐகிளவுடும் 5 ஜிகாபைட்டு, டிராப்பாக்ஸ் 2 ஜிகாபைட்டு தருகின்றன. ஸ்கேன் செய்த ஒரு பக்கம் அரை மெகாபைட்டு என்று கொண்டால், 15 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 30,000 பக்கங்களும், 2 ஜிகாபைட்டில் 4,000 பக்கங்களும் அடங்கும். சாதாரணச் சங்கத்துக்கு இது சிறிய இடமன்று. இருந்தாலும் இலவசமாக வந்ததை நிலையான உரிமை என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்டிரைவில் முன்பு 15 ஜிகாபைட்டு இலவசமாக இருந்தது. அதை 5 ஆகக் குறைப்பதாக 2015 நவம்பரில் அறிவித்து, 2016-இல் குறைத்தும் விட்டார்கள். கூகுள் 2021 ஜூன் முதல் புகைப்படங்களையும் அளவில் சேர்த்துக் கணக்கிடலாயிற்று. இரண்டு வருஷம் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் ஏற்பாட்டை 2023 டிசம்பரில் தொடங்கிற்று. தானம் கொடுத்தவர் தம் தானத்தின் அளவைத் தாமே நிர்ணயிப்பார். அதில் வழக்காட இடமில்லை.

அளவைவிட முக்கியமானது, நாம் எந்த ஆபீஸ் மென்பொருளில் எழுதுகிறோமோ அதனுடன் சேமிப்பகம் எப்படிப் பொருந்துகிறது என்பது. இதை நமது காரியதரிசிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

எக்ஸெலில் எழுதும் சங்கத்துக்கு ஒன்டிரைவ் இயல்பாகப் பொருந்தும். தட்டச்சுச் செய்யச் செய்யத் தானாகவே சேமித்துக்கொள்ளும் வசதி, கோப்பு ஒன்டிரைவில் இருந்தால் எக்ஸெலில் வேலை செய்கிறது. கூலிக் கணக்கர் ஒரு கம்ப்யூட்டரிலும் நூல் கிடங்குக்காரர் மற்றொன்றிலும் ஒரே தாளை ஒரே வேளையில் திறந்து எழுதுவதும் இங்கே கூடும். ஆனால் கோப்பு புதிய வகையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், பழைய எக்ஸ்.எல்.எஸ். வகையாயிருந்தால் இது நடவாது. பத்து வருஷமாக ஒரே தாளைப் படியெடுத்து எழுதி வரும் சங்கங்கள் பல உண்டு. அவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிராப்பாக்ஸ் 2007-இல் தோன்றிய பழைய ஸ்தாபனம். கம்ப்யூட்டரிலுள்ள ஒரு கோப்புறையை அப்படியே மேகத்திலும் மற்றக் கம்ப்யூட்டர்களிலும் ஒத்திருக்கச் செய்வதில் அது பெயர் பெற்றது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் மெதுவான இணைப்பிலும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் இருவர் ஒரே எக்ஸெல் கோப்பைத் தத்தம் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திருத்திவிட்டால், அது இரண்டையும் சேர்த்து வைப்பதில்லை. முரண்பட்ட பிரதி என்று பெயரிட்டு இரண்டாவது கோப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். தவறு செய்யாமல் எதையும் அழிக்காமல் விடுகிறது என்பது உண்மையே. ஆனால் எந்தப் பிரதியில் எந்தப் பாவுக்கான நூல் பதிவாயிற்று என்று மாதக் கடைசியில் தேடுகிறவருக்கு அந்த ஆறுதல் போதுவதில்லை.

கூகுளின் தாள்கள் பலர் கூடி எழுதுவதற்கு மிகவும் சௌகரியமானவை என்பதில் ஐயமில்லை. கைப்பேசியிலும் எளிதாகத் திறக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கூகுளிலேயே உண்டாக்கிய தாள், நாம் நினைக்கும் பொருளில் ஒரு கோப்பே அன்று. கம்ப்யூட்டரில் டிரைவ் கோப்புறையில் அதன் பெயர் தெரியும். ஆனால் அங்கே இருப்பது வெறும் முகவரிச் சீட்டு. அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் படியெடுத்துவிட்டு, கணக்கெல்லாம் கையில் வந்துவிட்டது என்று நிம்மதியாயிருந்த கணக்கரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் எடுத்துச் சென்றது வீட்டின் விலாசத்தைத்தான், வீட்டையன்று. கூகுள் தாளின் உண்மையான பிரதி வேண்டுமானால், அதை எக்ஸெல் அல்லது ஓ.டி.எஸ். வகையில் இறக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸெல் கோப்பாகவே மேலேற்றி, எக்ஸெல் கோப்பாகவே அங்கே திருத்தவும் இப்போது வழியுண்டு; சங்கக் கணக்குக்கு அதுவே மேல்.

ஒன்டிரைவிலும் இதைப் போன்றதொரு கண்ணி இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கோப்பின் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் காட்டி, உள்ளடக்கத்தை மேகத்திலேயே வைத்திருக்கும். மேலே சொன்ன சங்கத்தில் பெயர்கள் தெரிந்தும் கோப்புகள் திறவாமல் போனது இப்படிப்பட்ட ஏற்பாட்டினால்தான். எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு என்ற தெரிவை ஒரு தடவை அழுத்தியிருந்தால் மூன்று வருஷத்துக் கணக்கும் அங்கேயே இருந்திருக்கும்.

தமிழில் எழுதுவோருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டதற்கு முன்பும், அதன் பின் பல்லாண்டுகளும், அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்து வந்தோம். அந்தக் கோப்புகளை எந்தக் கம்பெனியின் மேகத்தில் ஏற்றினாலும், இணையத்தில் திறக்கும்போது அந்த எழுத்துரு அங்கே இராது. தீர்மானப் புத்தகம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் காட்சி தரும். தேடினாலும் ஒரு பெயர்கூட அகப்படாது. பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளையும் அங்கத்தினர் பதிவேட்டையும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே மேலேற்ற வேண்டும். மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் பெயர்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உழைப்பு.

இனி ஸோஹோவைப் பற்றி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கம்பெனி 1996-இல் தொடங்கப்பட்டது. தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் நடத்துகிறது. எழுதுவதற்கும் கணக்குத் தாளுக்கும் தனக்கென மென்பொருள்கள் வைத்திருக்கிறது. அவற்றுடன் சேர்ந்த சேமிப்பகம் வொர்க்டிரைவ். இந்தியக் கணக்குகளின் தரவு சென்னையிலும் மும்பையிலும் உள்ள நிலையங்களில் இருக்கிறது. 2025-இல் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் இதன் தளத்துக்கு மாறிய செய்தி வந்தபின், நம் சங்கங்களிலும் இதைப் பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது. உள்நாட்டுச் சரக்கு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கச் சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. கைத்தறியையும் இரக்கத்தினால் வாங்காதீர்கள், நயம் பார்த்து வாங்குங்கள் என்றுதானே நாம் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் வொர்க்டிரைவை நயம் பார்த்தாலும் ஒரு சிறப்புத் தெரிகிறது. குழுக் கோப்புறை என்ற ஏற்பாட்டில், அதில் இடப்படும் கோப்பு எழுதிய ஆளுக்குச் சொந்தமாவதில்லை, குழுவுக்கே சொந்தமாகிறது. எழுதியவர் விலகினாலும் கோப்பு அங்கேயே நிற்கும். கூட்டுறவுக்காரர்களுக்கு இந்த முறை புதிதன்று!

கூகுளிலும் பொது டிரைவ் என்ற பெயரில் இதே ஏற்பாடு உண்டு. மைக்ரோசாப்டில் ஷேர்பாயிண்டு என்ற பெயரில் உண்டு. ஆனால் இவை ஸ்தாபனங்களுக்கான கட்டணக் கணக்குகளில் வருபவை. தனிநபரின் இலவசக் கணக்கில் கோப்பு அந்தத் தனிநபருடையதே. பிறருக்குப் பார்க்கவும் திருத்தவும் அனுமதி கொடுத்திருந்தாலும், அவர் கணக்கு அழிந்தால் கோப்பும் அழியும். ஆகவே இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் உள்ள மெய்யான வித்தியாசம் ஜிகாபைட்டுகளில் இல்லை. சொத்து எவர் பெயரில் என்பதில் இருக்கிறது. சங்கத்து நிலத்தைக் காரியதரிசியின் பெயரில் பட்டா வாங்குவதற்கு எந்தப் பொதுக்கூட்டமும் சம்மதிக்காது. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் சம்மதித்து வந்திருக்கிறோம்.

பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணமும் சரியன்று. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் தரவு நிலையம் ஒன்று எரிந்து அழிந்தது. தனிக் காப்புப் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் கோப்புகளை அடியோடு இழந்தார்கள். 2024 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கும் யூனிசூப்பர் என்ற நிதி ஸ்தாபனத்தின் மேகக் கணக்கு, கூகுள் பக்கத்தில் நேர்ந்த அமைப்புத் தவறினால் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு இடங்களில் பிரதி இருந்தும் இரண்டும் ஒருங்கே மறைந்தன. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு கம்பெனியிடமும் அந்த ஸ்தாபனம் காப்புப் பிரதி வைத்திருந்தது மீட்புக்குத் துணையாயிற்று.

சர்க்காரே நடத்தினால் இப்படி நேராது என்பார்க்குத் தென் கொரியாவைக் காட்டுவோம். அங்கே அரசு அலுவலர்கள் தங்கள் கோப்புகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வையாமல் ஜி-டிரைவ் என்ற அரசாங்க மேகத்திலேயே வைக்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள். ஆளுக்கு 30 ஜிகாபைட்டு இடம். 2025 செப்டம்பர் 26-இல் டேஜான் நகரிலுள்ள தகவல் நிலையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. ஜி-டிரைவிலிருந்த 858 டெராபைட்டும் எரிந்துபோயிற்று. அளவு மிகப் பெரிது என்று அதற்கு வெளியே காப்புப் பிரதி எடுக்காமலே விட்டிருந்தார்கள்.

தீயும் தவறும் ஒருபுறமிருக்க, கதவு அடைபடுவதும் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் விதித்த தடைக்குப் பின், குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்டு தன் சேவைகளை நிறுத்தியது. தன் கோப்புகளையும் மின்னஞ்சலையும் திறப்பதற்கு அந்தக் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. சில நாள்களில் சேவை திரும்பக் கிடைத்தது. கைத்தறிச் சங்கத்தின்மேல் எவரும் தடை விதிக்கப் போவதில்லை என்று சிரிக்கலாம். கட்டணம் கட்டும் தேதி தவறினாலும், வேறு காரணத்தால் கணக்கு முடக்கப்பட்டாலும், அடைபடும் கதவு அதே கதவுதான். நமக்கு வழக்காடப் பணமுமில்லை.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் தவறிப்போய் ஒரு கோப்பை அழித்தால், மேகத்திலும் அது உடனே அழிகிறது. கூகுளில் குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும். ஒன்டிரைவில் தனிநபர் கணக்கில் 30 நாள், ஸ்தாபனக் கணக்கில் 93 நாள். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 30 நாள். தணிக்கையாளர் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர். ஏப்ரலில் அழிந்த கோப்பை அவர் டிசம்பரில் கேட்டால், குப்பைக் கூடை எப்போதோ காலியாகியிருக்கும்.

இவற்றுக்கு வெளியே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது; அதில் நமக்கு ஆசையும் அச்சமும் சமமாக உண்டு. 2016-இல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருளை எவரும் தம் சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவி மேகம் நடத்தலாம். லிப்ரே ஆபீஸை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா என்ற மென்பொருளை அதனுடன் இணைத்தால், அதிலேயே பலர் கூடித் தாள் எழுதலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, 30,000 கம்ப்யூட்டர்களை மைக்ரோசாப்டு ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸுக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்கும் மாற்றுவதென்று 2024 ஏப்ரலில் அறிவித்தது. அதே நாட்டில், 2000-ஆம் ஆண்டு முதல் ஹோஸ்ட்ஷேரிங் என்ற கூட்டுறவுச் சங்கமே அங்கத்தினர்களுக்காகக் கம்ப்யூட்டர் நிலையம் நடத்தி வருகிறது. ஒரு மாவட்டத்து நெசவாளர் சங்கங்கள் சேர்ந்து இப்படியொன்றை நடத்த ஏன் கூடாது என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் இரவிலும் விழித்திருந்து பார்க்க, பழுது நீக்க, பிரதி எடுக்கத் தகுந்த ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். தனித்தனிச் சங்கம் இதில் இறங்குவதை நாம் வன்மையாக மறுக்கிறோம். மாவட்ட அளவிலான இணைப்பு ஸ்தாபனம் ஒன்று, மூன்று வருஷத்துக்கு ஆள் சம்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குமானால் ஆதரிப்போம்.

விவசாயிகளின் கடன் சங்கங்களுக்கு நிலைமை சற்று வேறு. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூனில் ஏற்றது. அதில் சேர்ந்த சங்கங்களின் பேரேடு பொது மென்பொருளில் ஏறுகிறது. ஆயினும் உரப் பட்டியல், கடிதங்கள், நிகழ்ச்சிக் குறிப்புகள் ஆகியன காரியதரிசியின் எக்ஸெலிலும் வேர்டிலுமே இருக்கின்றன. எனவே மேலே சொன்னவை அவர்களுக்கும் பொருந்தும். ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கு எண்ணும் அடங்கிய பட்டியலை, இணைப்பு வைத்திருப்பவர் எவரும் திறக்கலாம் என்ற அனுமதியோடு வாட்ஸப்பில் அனுப்பும் பழக்கம் இரண்டு வகைச் சங்கங்களிலும் இருக்கிறது. தனிநபர் தரவைக் காப்பதற்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. இந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

இனி நமது அபிப்பிராயம். எக்ஸெலில் ஊறிப்போன சங்கங்கள் ஒன்டிரைவின் ஸ்தாபனக் கணக்கை எடுப்பதே எளிது. பழைய தாள்கள் சிதையாமல் திறக்கும். புதிதாகத் தொடங்குவோரும், இரண்டு மூன்று பேர் கூடி எழுதுவோரும் ஸோஹோவைப் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் வாய்பாடுகள் நிறைந்த ஒரு கூலித் தாளை முதலில் ஏற்றிப் பார்த்து, கூட்டுத்தொகை ஒத்து வருகிறதா என்று சரிபார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். கூகுளின் இலவசக் கணக்கு கடிதப் போக்குவரத்துக்குப் போதும்; பேரேட்டுக்குப் போதாது. டிராப்பாக்ஸை எழுதும் ஆள் ஒருவரேயான சங்கத்துக்கு மட்டும் சொல்வோம். எதை எடுத்தாலும் கணக்கு சங்கத்தின் பெயரிலும், சங்கத்துக்கென வாங்கிய கைப்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். நிர்வாக உரிமை இருவரிடம் இருக்க வேண்டும். அதை நிர்வாக சபை தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.

முன்னே சொன்ன சங்கத்தில் இப்போது மாதக் கடைசிச் சனிக்கிழமையன்று கூலிக் கணக்கையும் சிக்கன நிதிக் கணக்கையும் அச்சிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, நூலால் தைத்து இரும்பு அலமாரியில் வைக்கிறார்கள். அதே கோப்புகளை எக்ஸெல் வகையிலும் பி.டி.எப். வகையிலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, தலைவர் வீட்டில் வைக்கிறார்கள். மேகத்திலும் வைக்கிறார்கள். கடவுச்சொல் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கிறது. காரியதரிசி மாறும் நாளில் உறையைப் பிரித்துப் புதிய கடவுச்சொல் இடுவதென்று தீர்மானம். இதற்காகும் மைக்கும் காகிதத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தில் தனி இனம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைப் போன்ற தீர்மானத்தைத் தங்கள் சங்கத்தில் கொண்டுவர விரும்பும் அங்கத்தினர்கள், அடுத்த பொதுக்கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் தயாராகுமுன் நிர்வாக சபைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.